நிறுத்தல் பதிவேடு

நான் வேலை பார்க்கும் அமைப்பின் பெயரை இங்கே எழுத முடியாது. எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. ஊடக விதி, பதினான்காம் பக்கம். ஒரு டிரைவர் எழுதுவதை எவன் தேடிப் படிக்கப் போகிறான் என்று எங்கள் அலுவலக நிர்வாகி ஷீபாவிடம் சண்டைக்கே போனேன். "யாரும் படிக்காட்டியும் விதி விதிதாண்ணே" என்று சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. சரி, போகட்டும். எண்பது நாடுகளில் அலுவலகம் உண்டு. தலைமை அலுவலகம் ஜெனீவாவில். தேனியில், பெரியகுளம் ரோட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டாம் மாடியில் நாங்கள் பதினோரு பேர். மலைத் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கிறவர்களுக்குக் குடிதண்ணீர், கழிப்பறை, அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பகம், இதுதான் எங்கள் வேலை. வெள்ளை வண்டி இரண்டு. ஒன்றை வேல்பாண்டி ஓட்டுகிறான், இன்னொன்றை நான். என் பெயர் ஆரிப், ஊர் கம்பம். இதை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

விதி என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் வண்டியைப் பின்னால் எடுத்து, முகம் ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்த வேண்டும். அவசரம் என்றால் சட்டென்று கிளம்பலாமாம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மொக்கைச்சாமி இதைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், களவாங்க வந்தவன் கணக்கா ஓடுறதுக்குத் தயாரா நிக்கிற" என்று கேட்டார். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். டயர் மாற்றினால் நாலு பக்கப் படிவம். வருடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் பாம்புக்கடிப் பாடம் படித்து நூற்றுக்கு எண்பது வாங்க வேண்டும். முதல் தடவை நான் எழுபத்தைந்து. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் ரம்லத், "அத்தா அரியர் வச்சிட்டாக" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

இதையெல்லாம் நான் வைதிருக்கிறேன். வைதுகொண்டேதான் எட்டு வருடமாக அங்கே சோறு தின்கிறேன். என் மனைவி ரெஹானாவுக்கு மதுரையில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நான் யாரிடமும் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. ஜெனீவாவில் முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் அன்றைக்கே செலவுக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் டிரைவருக்கும் நாற்காலி உண்டு. முதல் இரண்டு வருடம் நான் கதவோரம் நின்றபடியேதான் கேட்டேன். உட்காரச் சொன்னாலும் கால் நகராது. அதற்கு முன் நான் பார்த்த வேலை அப்படி.

அதற்கு முன் கம்பத்தில் ஆள் ஜீப் ஓட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகப் போய்க் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டி வர வேண்டும். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினாறு பேர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழை நாள். ஸ்டாண்டிலேயே பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓனருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தோட்டத்துல ஆளக் காணோம்னு கத்துறாக. பேசாம ஏறிப் போ" என்றார். நான் பேசாமல் ஏறிப் போனேன். வளைவில் எதிரே லாரி வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை ஓடைப் பக்கம் ஒடித்தேன், சாய்ந்துவிட்டது. அல்லாவின் கருணை, உயிர் எதுவும் போகவில்லை. கம்பியைப் பிடித்திருந்த சொர்ணலதா அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

ஏலக்காய் பறிக்க விரல்தான் எல்லாம். அக்காவுக்கு அதோடு தோட்ட வேலை முடிந்தது. ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இட்லிக் கடை போட்டார். என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடும். ஒன்பது வருடமாக நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதில் தப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அமைப்பில் வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது, ஏதாவது விபத்து உண்டா என்று கேட்டார்கள். மறைத்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு ஏதோ வீம்பு. எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் அதே மாதிரி ஒரு நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். "போக மாட்டேன்" என்றேன். அந்த ஒரு பதிலுக்குத்தான் என்னை எடுத்தார்கள் என்று பின்னால் ஷீபா சொன்னது.

பதில் சொல்வது சுலபம். ஆறு வருடத்துக்கு முன் ஜெனீவாவிலிருந்து கொஞ்சம் மஞ்சள் அட்டைகளும் ஒரு பெரிய நோட்டும் வந்தன. அட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது: "ஆபத்து என்று தோன்றினால் பயணத்தை நிறுத்த ஓட்டுநருக்கு முழு உரிமை உண்டு. எந்த அதிகாரியும் அதை மறுக்க முடியாது." இரண்டு வண்டியிலும் உள்ளே முன்பக்கம் ஒட்டிக்கொண்டோம், மிச்சம் பீரோவுக்குப் போனது. நோட்டுக்குப் பெயர் நிறுத்தல் பதிவேடு. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் காரணத்தோடு அதில் எழுத வேண்டும்.

யார் எழுதுவது? எங்கள் பக்கம் டிரைவர் என்றால், அதிகாரி போ என்றால் போக வேண்டும், இரு என்றால் இருக்க வேண்டும். "வர மாட்டேன் சார்" என்று சொன்னால் அது திமிர். வேல்பாண்டி நூற்று இரண்டு காய்ச்சலோடு போடிமெட்டு ஏறி இறங்கியிருக்கிறான். நான் ஓடை வெள்ளத்தில் வண்டியை இறக்கிக் கடந்திருக்கிறேன். நோட்டின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. எங்கள் திட்ட மேலாளர் லிங்கேஸ்வரன் சார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்புவார். 'நிறுத்தங்கள்: பூஜ்யம்.' அதை அவர் பெருமையாகத்தான் அனுப்பினார். போடியில் மளிகை மொத்த வியாபாரக் குடும்பம், ஒரு நாள் கடையை அடைத்தாலே அவமானம் என்று வளர்ந்தவர். வண்டி ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது என்றால் அவருக்கு அது சாதனை. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன நவம்பரில் ஜெனீவாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. க்ரேஸ் ஒட்டியேனோ, கென்யா நாட்டுக்காரர், எண்பது நாடுகளுக்கும் பாதுகாப்புப் பிரிவுத் தலைவி. தேனி அலுவலகத்தின் நிறுத்தல் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். லிங்கேஸ்வரன் சார் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. "அவார்டு கொடுக்க வர்றாகய்யா" என்றார். ஷீபா கேக் ஆர்டர் கொடுத்தது. மேலே பெரிசாகப் பூஜ்யம், அதற்குக் கீழே 'ஆறு ஆண்டுகள், ஒரு நிறுத்தம்கூட இல்லை' என்று க்ரீமில் எழுதச் சொல்லி.

இந்த நேரத்தில் என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடியும். மதிப்பீட்டுத் தாளில் லிங்கேஸ்வரன் சார் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த வருடம் வேலை. அந்த வருடம் ஜெனீவாவிலேயே கை இறுக்கம். பல நாடுகளில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் கழிக்கலாம் என்று காரணம் தேடுகிற காலம். ரம்லத்துக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "வாயக் கொஞ்சம் கட்டிக்கிட்டு இருங்க" என்று ரெஹானா தினமும் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினாள்.

ஒட்டியேனோ மேடம் காலை எட்டு மணிக்கு அலுவலகம் வந்தார். உயரமான பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய நரை முடி. ஷீபா கேக்கைக் காட்டியது. மேடம் அதைக் குனிந்து பார்த்தார், எழுதியிருப்பது என்ன என்று கேட்டார், ஷீபா சொன்னது. அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நிறுத்த வேண்டும் என்று தோன்றியதில்லையா என்று கேட்டார்.

"இல்லை மேடம்" என்றேன். வாய் கூசாமல் பொய். லிங்கேஸ்வரன் சார் என் தோளைத் தட்டினார். கேக்கைச் சாயங்காலம் வந்து வெட்டலாம் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

போக வேண்டியது மேகமலை. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கட்டிய காப்பகத்தை மேடம் திறந்து வைப்பதாக ஏற்பாடு. இருபத்தாறு பிள்ளைகள். லிங்கேஸ்வரன் சார் மூன்று மாதமாக அதற்குத்தான் அலைந்தார். மேடத்துக்கு மறுநாள் காலை மதுரையில் விமானம், ஆக அன்றைக்கு விட்டால் கிடையாது. அவரும் ஷீபாவும் பின்னால், சார் எனக்குப் பக்கத்தில். முந்தின நாள் முழுக்க மழை. காலையில் விட்டிருந்தது. செக்போஸ்ட்டில் தடுக்கவில்லை, பஸ் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது வளைவு தாண்டியதும் பார்த்தேன். அந்த இடத்தில் பாறைச் சுவரிலிருந்து எப்போதும் நூல் மாதிரி ஒரு தண்ணீர் வடியும். எத்தனை மழை பெய்தாலும் தெளிவாகத்தான் இருக்கும். நாங்கள் முகம் கழுவுகிற தண்ணீர் அது. அன்றைக்கு அது செம்மண் கரைசலாக, கை கனத்துக்கு வந்தது. தாரில் பொடிக்கல் நாலைந்து கிடந்தது. நான் பார்க்கும்போதே இன்னொன்று உருண்டு வந்து நின்றது. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

"என்னாச்சு, வண்டிக்கு என்ன?" என்றார் சார்.

"வண்டிக்கு ஒன்னுமில்ல சார். மேல போக வேணாம். அங்கன பாருங்க, தண்ணி கலங்கி வருது."

"மழை பேஞ்சா கலங்கத்தான் செய்யும். மேல பிள்ளைகள்லாம் பூ வச்சுக்கிட்டு நிக்கிதுக. எஸ்டேட் மேனேஜரும் வந்துட்டாரு. பேசாம ஏறிப் போ."

அதே சொல். ஒன்பது வருடத்துக்கு முன் போனில் கேட்ட அதே சொல். என் கை கியருக்குப் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழகின கை. பிறகு அதை எடுத்து மஞ்சள் அட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

சார் குரலைத் தாழ்த்தினார். "அது ஆப்பிரிக்கா மாதிரி ஊருகளுக்கு எழுதுனதுப்பா. நமக்கு இல்ல."

பின்னால் ஷீபா எல்லாவற்றையும் மேடத்துக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தது. அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டது.

மேடம் கண்ணாடியை இறக்கித் தண்ணீரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் நேராக, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். எனக்குப் புரிகிற அளவு இங்கிலீஷ்தான்.

"நோ மேடம்," என்றேன். "நாட் ஷ்யூர்."

அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. மடியில் ஒரு பை நிறையக் கலர் பென்சில் வைத்திருந்தார். அந்தப் பையின் வாயை மடித்தார். "ஓகே. வி கோ டவுன்" என்றார்.

சின்னமனூர் டீக்கடையில் வந்து நின்றோம். பத்து நிமிஷத்தில் மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. சார் ஓடிப்போய்க் கண்டக்டரிடம் ரோடு எப்படி என்று கேட்டார். "ரோட்டுக்கு என்ன சார், சும்மா கண்ணாடி கணக்கா இருக்கு" என்றார் அவர். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மூஞ்சி செத்துப்போனது.

சார் மேடத்திடம் போய்ப் பேசினார். மேடம் என்னைக் கூப்பிட்டார். நிறுத்தின பயணத்தைத் திரும்பத் தொடங்குவதும் டிரைவர் கையில்தான் இருக்கிறது, இப்போது போகலாமா என்று ஷீபா வழியாகக் கேட்டார். போகலாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். சார் சிரித்திருப்பார், டிசம்பர் தப்பியிருக்கும். எனக்கு அந்தக் கலங்கல் தண்ணீர்தான் கண்ணுக்குள் நின்றது.

"தண்ணி தெளியட்டும் மேடம்" என்றேன்.

சார் டீ கிளாஸை வைத்த வேகத்தில் டீ சிந்தியது. வண்டியில் ஏறும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டிசம்பர் வருதுல்ல, பாத்துக்கிறேன்" என்றார்.

மதியம் அலுவலகம் வந்து சேர்ந்தோம். எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். நான் பழைய மாதிரி கதவோரம் நின்றேன். மேடம் பக்கத்து நாற்காலியைக் காட்டி, நான் உட்காரும்வரை பேசாமல் இருந்தார். பிறகு அந்த நோட்டைக் கேட்டார். வேல்பாண்டி பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தான். பிளாஸ்டிக் உறையோடு அதை மேசையில் பார்த்தபோது எல்லோருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு விருது கொடுக்க நான் வரவில்லை," என்றார். ஷீபா மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது. "எண்பது நாடுகளில் கிட்டத்தட்ட எல்லா அலுவலகமும் வருடத்துக்கு ஐந்தாறு தடவையாவது வண்டியை நிறுத்துகிறது. பல வருடம் பூஜ்யமாகவே இருந்தவை இரண்டே அலுவலகங்கள்தான். ஒன்று நீங்கள். இன்னொன்றில் ஐந்து வருடம் பூஜ்யம். ஆறாவது வருடம் வெள்ளத்தில் ஓர் ஆற்றைக் கடக்கப் போனார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள். தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அந்த டிரைவருக்குத் தெரியும். காலையில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வண்டியில் இருந்த அதிகாரியிடம் சொல்லவில்லை. அந்த மனைவியிடம் செய்தி சொல்லப் போனவள் நான். அதனால்தான் உங்கள் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போனது."

லிங்கேஸ்வரன் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ஏமாற்றம்தான்," என்றார் மேடம். "விமானத்திலும் ஏமாற்றத்தோடுதான் போவேன். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் ஆரிப் நிறுத்தியது சரியா தப்பா என்று அந்த மலை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தோன்றியது, நிறுத்தினார். அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன்."

என் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வயதில், வேல்பாண்டி பார்க்க. உனக்குப் பின்னால் நிற்கிறேன் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் அந்த அம்மா எந்த ஊர், நான் எந்த ஊர்.

உறையைக் கிழித்து முதல் பக்கத்தில் எழுதினேன். காரணம்: தண்ணீர் கலங்கலாக வந்தது. பின்னர் ஏதாவது நடந்ததா: இல்லை. மேடம் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கேக்கில் எழுதியிருந்தது பொய்யாகிவிட்டதால் யாரும் படிப்பதற்குள் சீக்கிரமாகத் தின்று தீர்த்தோம். பூஜ்யம் இருந்த துண்டு சாருக்குப் போனது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த ரோட்டில் எதுவும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. இன்றுவரை அந்த இடத்தில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. கதை கம்பம் வரை பரவி, ஸ்டாண்டில் என்னைப் பார்த்தாலே, "பாய், என் டீயும் கலங்கி இருக்கு, குடிக்கலாமா" என்று கேட்டார்கள். ஒரு நாள் தொழுகை முடித்து வந்து, "ஆள் இல்லாத நேரமாப் பாத்து ஒரு சின்னப் பாறையாச்சும் விழக் கூடாதா" என்று ரெஹானாவிடம் புலம்பினேன். "அஸ்தஃபிருல்லா, கேக்குற துஆவப் பாரு" என்று என் வாயைப் பொத்தினாள்.

லிங்கேஸ்வரன் சார் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. இதற்கிடையே அவர் வேல்பாண்டி வண்டியில் மேலே போய், காப்பகத்துப் பிள்ளைகளை வீடியோ காலில் மேடத்துக்குக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் மேடம் கொடுத்துவிட்டுப் போன கலர் பென்சிலை ஆட்டிக் காட்டினவாம், பாதியில் சிக்னல் போய்விட்டதாம். டிசம்பர் இருபதாம் தேதி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மதிப்பீட்டுத் தாள் மேசையில் இருந்தது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"உக்காருங்க" என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக 'ங்க'.

உட்கார்ந்தேன். அவர் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு தடவ எழுதிட்டு அழிச்சேன் ஆரிப்," என்றார். "அன்னைக்கு அந்தத் தண்ணிய நானும் பாத்தேன். நீங்க பாக்குறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். பின்னால மேடம் உக்காந்திருக்காக, நான் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். நீங்க சொன்னதும் எனக்குக் கோவம் வந்ததே அதுனாலதான்."

"பரவால்ல சார்" என்றேன். மடத்தனமான பதில். ஆனால் அவரும் அதற்குத் தலையை ஆட்டினார். தாளில் 'அறிவுறுத்தலை மீறினாரா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், 'மீறியதற்கு இந்த அலுவலகம் நன்றி சொல்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. வீட்டில் ரெஹானா பால் பாயசம் வைத்தாள். பதிவேட்டில் அடுத்த வரியை வேல்பாண்டி எழுதினான்: 'கண் சொருகியது, அரை மணி நேரம் தூங்கினேன்.' ஆறு வருடமாக அவன் கண் சொருகிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறான், பாவி.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, ஸ்டாண்ட் வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "ஏப்பா, இங்கன வா" என்று குரல். திரும்பினால் சொர்ணலதா அக்கா. இட்லித் தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு என்னையேதான் பார்க்கிறார். ஒன்பது வருடம் கழித்து. மெல்லப் போய் நின்றேன்.

"வண்டிய நிறுத்திட்டியாம்ல."

"ஆமாக்கா."

"உள்ள யாரு இருந்தா?"

"வெளிநாட்டு மேடம் ஒருத்தவுக. ஆபீஸ்காரவுக ரெண்டு பேரு."

"அன்னைக்கு நாங்க பதினாறு பேரு இருந்தோம்."

தலையில் அடித்த மாதிரி இருந்தது. அக்கா கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"தெரியும்க்கா," என்றேன். "பிரேக் அமுங்குறது அன்னைக்கே தெரியும். நிறுத்திருந்தா ஓனர் சாவிய வாங்கி இன்னொருத்தன்ட்டக் குடுத்திருப்பாரு. எனக்குப் பின்னால நிக்க நாதி இல்ல. இப்ப நிக்கிறாக. அம்புட்டுத்தான்க்கா. நான் ஒன்னும் பெரிய மனுசனா மாறிறல. என்னைய மன்னிச்சிருங்க."

ஒன்பது வருடமாகச் சொல்லாத வார்த்தை அது. அக்கா இலையை எடுத்து நாலு இட்லி வைத்து, சட்னியை ஊற்றி என் முன்னால் தள்ளினார். மூன்று விரல்தான், ஆனால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எம் மருமகன் விஷால் இப்ப ஜீப் ஓட்டுறான்," என்றார். "அதே மெட்டு. எம் மகளும் அதே வண்டிலதான் ஏலக்கா எடுக்கப் போறா. அவனுக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

இட்லியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. சாயங்காலம் அலுவலகப் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தேன். வெளியாளுக்குக் கொடுக்கலாமா என்று எந்த விதியையும் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த ஷீபா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அட்டையின் பின்பக்கம் என் போன் நம்பரைப் பெரிசாக எழுதி விஷாலிடம் கொடுத்தேன். "இத நம்பி என்ன மாமா செய்ய? என் ஓனருக்கு ஜெனீவாவும் தெரியாது, ஒன்னும் தெரியாது" என்றான். இருந்தாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஜனவரியில் ஒரு காலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது.

"மாமா, விஷால் பேசுறேன். மெட்டுல பத்தடிக்கு அங்கிட்டு ஒன்னும் தெரியலயாம், பனி. என் வண்டிக்கு ஒரு லைட்டு எரியல. ஓனர் ஏறிப் போடாங்கிறாரு. பின்னால பதினேழு பேரு இருக்காக."

"ஒனக்கு என்ன தோணுது?"

"வேணாம்னு தோணுது மாமா."

"அப்ப நிறுத்து. அங்கனயே நில்லு, நான் வர்றேன்."

கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ரெஹானா என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்தாள். ஸ்டாண்டில் விஷாலின் வண்டி நின்றிருந்தது. பெண்கள் இறங்கிச் சொர்ணலதா அக்கா கடை பெஞ்சில் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுப்புக்குப் பின்னால் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் நடுரோட்டில் நின்று, சாவியைக் கொடுடா என்று கத்திக்கொண்டிருந்தார். விஷால் சாவியை ஒரு கையிலும் மஞ்சள் அட்டையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, தனியாக நின்றான்.

நான் போய் அவனுக்குப் பின்னால் நின்றேன்.